ஆளில்லாத ஸ்டூல்

விடிகாலை வேனிலிருந்து சுந்தரி இறங்கிவிட்டாள். அவள் கண்ணிலிருந்த தூக்கம் இன்னும் இறங்கவில்லை. அதற்குள் மெஷின் பெடலில் கால் வைத்தாயிற்று. கார் சீட்டுத் தோல், ஷூத் தோலைப் போலச் சொன்னபடி கேட்காது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி எந்தப் பக்கம் திருப்பினாலும் விறைத்துக்கொள்ளும். இரண்டு கையாலும் அமுக்கி, வளைவில் திருப்பி, ஊசிக்குக் கீழே தள்ள வேண்டும். பசை நெடி வெறும் வயிற்றில் இறங்கிக் குமட்டும். முதல் டீ வருவதற்குள் கட்டைவிரல் மரத்துவிடும், இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது மின்சாரக் காருக்கான சீட்டு. பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று, வெளிநாட்டுக் கார் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அந்தக் காரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் வேண்டாம், புகை வராது, தானாகவே யோசிக்கும் என்றார்கள். வருஷம் 2008. ஆம்பூரில் விளக்கெரியவே கரெண்டு போதவில்லை. கரெண்டில் ஓடப்போகிற காருக்குச் சீட்டு தைக்கும் மெஷின்கள் கரெண்டு இல்லாமல் தினமும் நின்றன. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சூப்பர்வைசர் ஜெஸ்டன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லையே என்று பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

முதலாளி மூர்த்திக்கு அந்த வருஷம் ஷூ ஆர்டர்கள் கைவிட்டுப் போய்விட்டன. கார் ஆர்டர் ஒன்றுதான் மிச்சம். சீட்டுக்கு அடியில் வைப்பதற்கென்று கம்பி ஓடும் மெல்லிய பாய் ஒன்றைப் பெங்களூர்க்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். ஆள் உட்கார்ந்தால் காருக்குத் தெரிந்துவிடும். சோதனைக்கு வந்ததில் ஒரு பெட்டிப் பாய் மீந்தது. மூர்த்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். கார் யோசிக்கும்போது முதலாளி யோசிக்கக் கூடாதா? மூன்றாம் நாள் ஒவ்வொரு பெண்ணின் ஸ்டூல் மெத்தைக்கு அடியிலும் ஒரு பாய் வந்து சேர்ந்தது. சுவரில் ஒரு பலகை, அதைக் கணக்கெடுக்க ஒரு கம்ப்யூட்டர். உட்கார்ந்தால் பச்சை விளக்கு, எழுந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கரெண்டு போனால் மெஷின் நிற்கும், காற்றாடி நிற்கும். பலகைக்கு மட்டும் பேட்டரி உண்டு. அதனால் தைக்க முடியாத நேரத்திலும் வேர்த்துக்கொண்டு ஸ்டூலிலேயே குந்தியிருக்க வேண்டும். ஒண்ணுக்குப் போவதைப் பெண்கள் தள்ளிப்போட்டார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார்கள்.

சுந்தரிக்கு வந்தது வேறு வகைத் தொல்லை. அவள் உட்கார்ந்தாலும் சிவப்புதான். ஜெஸ்டன் அவளை உட்காரச் சொன்னான், எழுந்திருக்கச் சொன்னான், பாயை மாற்றிப் போட்டு மறுபடியும் உட்காரச் சொன்னான். சிவப்பு. கடைசியில் பெங்களூருக்குப் போன் போட்டான். அங்கே விளக்கம் தயாராக இருந்தது. எடை குறைவாக இருந்தால் பாய் அதை ஆளாக எடுத்துக்கொள்ளாது. பை, பெட்டி, குழந்தை என்று நினைத்துக்கொள்ளும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சுந்தரி முப்பத்தாறு கிலோ.

கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, புருஷனை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்து, ஆறு வருஷமாகத் தைத்துக்கொண்டிருக்கும் தன்னைப் போய் ஒரு பை என்று இந்தப் பாய் நினைத்துவிட்டதே என்று சுந்தரி சொன்னபோது அவள் வரிசையே சிரித்தது. மாதக் கடைசியில் சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டர் கணக்குப்படி அவள் அந்த மாதம் வேலைக்கே வரவில்லை. இன்னொரு வாரம் இப்படிச் சிவப்பு எரிந்தால் பேரை எடுத்துவிடுவதாக மூர்த்தி சொல்லியனுப்பினார். நல்லா சாப்பிடச் சொல்லு என்றும் சொல்லியனுப்பினார். வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையை நம்பித்தான். எரியாத அடுப்பில் எதைப் பொங்கி உடம்பை ஏற்றுவது என்று அவர் சொல்லவில்லை.

வழி கண்டுபிடித்தவள் பக்கத்து மெஷின் ஹலீமா பீ. கனத்த உடம்புக்காரி. அவள் விளக்கு ஒருநாளும் சிவந்ததில்லை. பக்கத்துத் தோல் மண்டியில், பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவி, பிறகு உதறிய உப்பு குப்பையாகக் குவிந்து கிடந்தது. கேட்பாரில்லை. லைனிங் துணியில் ஒரு பை தைத்து, அந்த உப்பை நிரப்பி, சுந்தரியின் மெத்தைக்கு அடியில் பரப்பி வைத்தாள். சுந்தரி உட்கார்ந்தாள். பச்சை. எழுந்தாள். சிவப்பு.

"பாத்தியாடி, இப்பதான் நீ மனுசி ஆன" என்றாள் ஹலீமா பீ.

"உப்புப் போட்டாத்தான்க்கா ஆளுன்றாங்க" என்றாள் சுந்தரி. அந்த வாரத்திலேயே இன்னும் நாலைந்து ஒல்லிப் பெண்களின் ஸ்டூலுக்கும் உப்பு வந்தது.

பிறகு மழை வந்தது. ஐப்பசி ஈரத்தில் உப்பு நீர்விடும் என்பது ஆம்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தோல் மண்டிகளில் தரையே வேர்த்துக் கிடக்கும். உப்போடு பிறந்து வளர்ந்தவர்கள் என்பதாலேயே ஒருத்திக்கும் அது ஞாபகம் வரவில்லை. மூச்சு விடுவதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? முதலில் வைத்த சுந்தரியின் பையிலிருந்துதான் முதலில் உப்புத் தண்ணீர் கசிந்து பாய்க்குள் இறங்கியது. கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

பெங்களூர் இன்ஜினியர் நவீன்குமார் தைத்த சீட்டுகளைப் பார்க்க வந்த காலை அது. மூர்த்தி அவரிடம் பலகையைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். உதாரணத்துக்கு ஓர் ஆளைக் காட்டலாம் என்று சுந்தரியைக் கூப்பிட்டார். முன்னே சிவப்பாக இருந்த பொம்பளை, கண்டிப்பு வந்ததும் எப்படித் திருந்திவிட்டாள், பாருங்கள் என்றார்.

சுந்தரி வந்து நின்றாள். மூர்த்தி பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"நீ எங்கம்மா இருக்க?"

"இங்கதான் மொதலாளி. உங்க எதுருலதான் நிக்கறன்."

"அப்ப அங்க ஒக்காந்துகினு இருக்கறது யாரு?"

சுந்தரியின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

மெத்தையைத் தூக்கினார்கள். நொசநொசவென்று உப்பு. நவீன்குமார் பாயை விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, ஈரத்தில் கம்பி ஒட்டி ஆளில்லாமலே பச்சை காட்டுகிறது, இது போய்விட்டது என்றார். ஒயரைப் பிடுங்கியதும் சுந்தரியின் விளக்கு சிவந்தது. கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இது மோசடி. டிபன் பாக்ஸ எடுத்துகினு கெளம்பு" என்றார் மூர்த்தி.

"அங்க அடுக்கி வெச்சிருக்கற சீட்டு நான் தைச்சது மொதலாளி. ஆளில்லாமயா தைச்சாங்க?"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்ல?"

மூர்த்தி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். வேறு யார் ஸ்டூலில் பை இருந்தாலும் இப்போதே எடுத்துப் போட்டுவிடலாம், தான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இவள் ஒருத்தி போனால் போதும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம். அவர் குரலில் தாராளம் வழிந்தது.

ஒல்லிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தியின் கை மெத்தைக்கு அடியில் போய்ப் பையைத் தொட்டு, அங்கேயே நின்றது. சுந்தரி டிபன் பாக்ஸை எடுத்தாள். மூடி சரியாக மூடவில்லை. மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தாள். வேன் சாயங்காலம்தான் வரும். அதுவரை எங்கே நிற்பது என்றுதான் அவளுக்கு யோசனை ஓடியது.

ஹலீமா பீ முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பலகையில் ஒரு சிவப்பு.

"உனக்கு இன்னா? உன் ஸ்டூல்ல உப்பு இல்லியே" என்றார் மூர்த்தி.

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு நிக்கற?"

"நாளைக்கு நான் எளைச்சிட்டன்னா?"

கையை மெத்தைக்கு அடியில் வைத்திருந்தவள் பையை வெளியே இழுத்து மெஷின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குப் பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. பலகை முழுக்கச் சிவந்தது.

கட்டிங் செக்ஷனிலிருந்து தனகோடி வாசலுக்கு வந்திருந்தான். சங்கம் வைத்ததற்காக ஏற்கெனவே ஒரு தோல் ஷாப்பிலிருந்து துரத்தப்பட்டவன். வேலையை நிறுத்தினால் கேட்டைப் பூட்டப் பார்ப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"தையல நிறுத்தாதீங்கக்கா. நின்னுகினே தைங்க. சுந்தரி, நீயும் உன் மெஷினுக்குப் போம்மா" என்றான்.

சுந்தரி டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் பெடலை அழுத்தித் தைப்பது பெரிய பேஜார். இடுப்பு வெட்டி இழுத்தது. ஹலீமா பீக்கு முட்டி தாங்கவில்லை. பக்கத்தவள் தோள் கொடுத்தாள். கட்டிங் ஆட்கள் வந்து தோலை எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கினார்கள். மெஷின்கள் இரைந்தன. சீட்டுகள் உயர்ந்தன. கம்ப்யூட்டரைக் கேட்டால் கூடத்தில் ஆளே இல்லை. இதை என்னவென்று குறித்துக்கொள்வது என்று நவீன்குமார் கேட்டார். ஜெஸ்டன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான்.

மத்தியானமும் போனது.

"எத்தினி நேரம் நிப்பீங்க? நானும் பாக்கறன்" என்றார் மூர்த்தி.

"பாருங்க மொதலாளி" என்றாள் சுந்தரி. "நீங்களுந்தான் நின்னுகினே கீறீங்க. கால் வலிக்கப் போவுது."

அவருக்குக் கால் வலித்துத்தான் இருக்க வேண்டும். யோசிக்காமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பலகையில் ஒரே ஒரு பச்சை எரிந்தது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் வேலை செய்ததாகப் பதிவானவர் முதலாளி ஒருவர்தான்.

அப்போதும் அவர் இறங்கி வரவில்லை. நாளைக்குக் கேட் திறக்குமா என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் இரண்டாம் ஷிப்டு வேன் வந்து நின்றது. நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்த பெண்கள் பலகையைப் பார்த்தார்கள், நிற்பவர்களைப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று ஹலீமா பீ சொல்லி முடிப்பதற்குள் முன்னால் வந்தவள் ஒரு ஸ்டூலைச் சுவரோரமாகத் தள்ளினாள்.

"நகருக்கா" என்றாள் சுந்தரியிடம். "காலை நீட்டிக் கொஞ்சம் தரையில ஒக்காரு. நான் நிக்கறன்."