பழுது ஏற்பட்ட நேரம்

அனுப்பும் பொத்தானின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு இலக்கியா கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். சிதம்பரத்தில் அவள் இயற்பியல் நடத்தும் கல்லூரியின் கணினி அறை அது. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும், மூன்றுக்கு வரும். இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பரில் அதைவிட நம்பகமான விஷயம் ஊரில் வேறொன்றும் இல்லை. மடலில் இருந்தது ஒரே வரி: ‘இன்றே ஆரம்பிக்கவும்.’ புனே பக்கத்தில் வயல்களுக்கு நடுவே முப்பது பெரிய தட்டுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றனவே, அந்த ரேடியோ தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவேண்டிய மடல். போய்ச் சேர்ந்தால் தட்டுகள் எல்லாம் அவள் கேட்ட பக்கம் திரும்பி எட்டு மணி நேரம் காது கொடுக்கும். ஆனால் ஒரே ஒரு தடவைதான். மார்ச் வரைக்கும் அவளுக்குக் கொடுத்திருந்தது அவ்வளவுதான். அதுவும் கேட்டு வாங்கியவளே சொன்னால்தான் தட்டு திரும்பும்.

அவள் காத்திருந்தது ஒரு கருந்துளைக்காக. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. வானத்தில் அது இருக்கும் இடத்தையே எண்ணாக்கி ஜே 1947 என்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்கிறது இது. தின்னும்போது சூடேறி எக்ஸ்ரேயில் மினுங்குவதை ஒரு செயற்கைக்கோள் தினம் அளந்து இணையத்தில் ஒரு புள்ளி வைக்கும். வேடிக்கை என்னவென்றால், வாய் நிறையத் தின்கிற நாட்களில் ரேடியோவில் அது பேசுவதே இல்லை. முணுமுணுப்பு குறைந்துகொண்டே வந்து அடங்கிவிடும். அப்புறம் ஒருநாள், எதிர்பாராத வேளையில், தின்றதில் ஒரு பங்கை இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சி அடிக்கும், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில். அந்தத் தாரை கிளம்பும் நேரத்தைக் கேட்கவேண்டும் என்பதுதான் இலக்கியாவின் ஆறு வருஷ ஆசை. வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதும் அவளுக்கு அந்த நினைப்புதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினால் இருட்டுக்குள் இரண்டு வெள்ளை நூல்கள் எதிரெதிராக நீண்டுகொண்டே போகும், கடலூர் வரைக்கும்.

போன வருஷம் அவசரப்பட்டுவிட்டாள். எட்டு மணி நேரமும் வெறும் இரைச்சல். தாரை கிளம்பியது அதற்கு இரண்டு நாள் கழித்து, வேறு ஏதோ ஒரு நாட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து ‘ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கக் கூடாதா’ என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாளில்லை. இப்போதும் தாரைக்கு முன்னறிகுறியாக எக்ஸ்ரே புள்ளிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. ஆனால் முழுசாக இறங்கவில்லை. இன்னும் ஒரு புள்ளி, ஒரே ஒரு நாள். சுட்டியை நகர்த்தி மடலை மூடினாள். வெளியே மழைமேகம் மூட்டம் போட்டிருந்தது. வங்கக் கடலில் புயல் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டிசம்பரில் புயல் என்ன புதுசா!

மறுநாள் கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அதற்கும் மறுநாள் விடிகாலை ‘தானே’ புயல் கரையேறியது. கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு அவள் கேட்ட சத்தம் காற்றின் சத்தம் போலவே இல்லை. யாரோ உலகத்தை ஒரு ஓட்டை வழியாக உறிஞ்சுவதைப் போலிருந்தது. பாதித் தூக்கத்தில், இதோ கிளம்பிவிட்டது, இதோ கிளம்பிவிட்டது என்று புலம்பியிருக்கிறாள். எழுந்து பார்த்தால் தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை. மின்கம்பங்கள் இடுப்பொடிந்து கிடந்தன. கரண்ட் இல்லை, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. அவள் கணவன் எழிலன் மின்வாரியத்தில் லைன்மேன். காற்று அடங்கும் முன்பே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன் வீடு திரும்பவில்லை.

புனேக்குச் சேதி அனுப்ப வழி தேடி இரண்டு நாள் பித்துப் பிடித்தவள் மாதிரி நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் பஸ் இல்லை. பண்ருட்டிச் சாலை முழுக்கப் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக் கிடந்தன. பாண்டிச்சேரிப் பக்கமும் அதே கதி. அழுகைதான் வந்தது. கருந்துளையிலிருந்து கிளம்பி இருபதாயிரம் வருஷம் நடந்து ஒரு சேதி வாசலுக்கு வருகிறது. வருகிற வாரத்தில் பார்த்தா கதவு இடிந்து விழவேண்டும்? ஒரு நாள் பொறுக்கச் சொன்ன புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

ஜனவரி ஒன்றாம் தேதி, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொன்னார். துணைமின் நிலையத்தில் மட்டும் காலையிலிருந்து விழுப்புரம்வரை லைன் போன் பேசுகிறதாம், மின்வாரியத்துக்குச் சொந்தமான தனிக்கம்பி. இலக்கியா செருப்பு மாட்டவும் மறந்து கிளம்பினாள்.

வாசலில் கூட்டம். குடத்தோடு பெண்கள், மோட்டார் ஓடவில்லை என்று. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து டீசலுக்கு வந்த ஆள். எழிலன் தெருமுனையில் சேறு அப்பிய உடம்போடு கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம்.

“இன்னா, வூட்ல எதுனா ஆச்சா?”

“இல்ல மாமா. புனேக்கு ஒரு சேதி சொல்லணும். லைன் போன்ல.”

“இப்பவா? ஆஸ்பத்திரிக்கே இன்னும் சப்ளை குடுக்கல.”

“தெரியும். கேக்கவே வாய் கூசுது. ஆனா இன்னைக்கு வுட்டா போயிடும்.”

“அப்பறம் எப்ப வரும்?”

“சொல்ல முடியாது. அடுத்த வருஷமே வரலாம். நம்ம காலத்துல வராமயும் போலாம்.”

அவன் கடப்பாரையை ஊன்றி நின்று அவளைப் பார்த்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் முகத்தில் இருக்கும் அந்தத் தூரத்துப் பார்வையை எத்தனை நாள் கிண்டல் செய்திருப்பான்! இப்போது கிண்டல் செய்யவில்லை. உள்ளே போய் ஆபரேட்டர் தேவசகாயத்தின் மேஜை முன்னால் நின்றான்.

“அண்ணே, அடுத்த சேதி முடிஞ்சதும் ஒரு நிமிஷம் குடுங்க. நான் ஜாஸ்தி கேக்கல.”

“சொந்த சேதிலாம் இதுல போவாதுப்பா,” என்றார் தேவசகாயம். பிறகு அவன் கையைப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. “படிவத்துல எழுதினாத்தான் அந்தப் பக்கம் வாங்குவான். வாம்மா.”

அங்கே அதுதான் முறை. எந்தச் சேதியானாலும் படிவத்தில் எழுதவேண்டும். ஃபீடர் என்கிற மின்பாதையின் பெயர், பழுது, நேரம் என்று ஒவ்வொரு கட்டமாக வாசிக்கவேண்டும். விழுப்புரத்துக்காரர் அதையே திருப்பிச் சொன்னால்தான் சேதி போனதாகக் கணக்கு. தேவசகாயம் போனைக் கையில் எடுத்தார். கரகரத்த ஒரு குரல் வந்தது.

“ஃபீடர் பேரு?”

“ஜே பத்தொம்பது நாப்பத்தேழு.”

“ஜே பத்தொம்பது நாப்பத்தேழு. அது எங்கப்பா கீது? சரி, பழுது இன்னா?”

தேவசகாயம் இலக்கியாவைப் பார்த்தார். அவள், “ரெண்டு பக்கமும் பீச்சி அடிக்கப்போவுது. உடனே பாக்க ஆரம்பிக்கணும்,” என்றாள். அவரும் ஒரு மாற்றமில்லாமல் அதையே சொன்னார். அதே தொனியில், சாய்ந்த கம்பங்களின் எண்ணிக்கையைப் படிக்கிற தொனியில், விழுப்புரம் திருப்பிச் சொன்னது.

“பழுது ஏற்பட்ட நேரம்?”

தேவசகாயம் போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, சார்,” என்றாள் இலக்கியா.

கம்பிக்குள் உஸ்ஸென்று வெறும் இரைச்சல். ஆறு வருஷமாக அவள் கேட்டுப் பழகிய இரைச்சல்தான்.

“திருப்பிச் சொல்லும்மா.”

சொன்னாள்.

“இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. எழுதிக்கினேன். யாருக்குச் சொல்லணும், நம்பர் குடு.”

கொடுத்தாள். பத்து இலக்கமும் திரும்பி வந்தன. “எம் பேர் இலக்கியான்னு சொல்லுங்க சார், நானே சொன்னதா சொல்லுங்க.” அதுவும் திரும்பி வந்தது. விழுப்புரத்துக்காரர் தொடர்ந்தார்: “இங்க வெளிய போனா செல்லு எடுக்குது. டீ குடிக்கப் போவும்போது பேசிடறேன். அடுத்த சேதி சொல்லுங்க.”

எத்தனை மணிக்கு டீ என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பின்னால் ஆஸ்பத்திரி ஆள் நின்றிருந்தான். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே எழிலன் கேட்டான். “போச்சா?”

“டீ குடிக்கப் போவும்போது சொல்றாராம்.”

“எப்ப குடிப்பாரு?”

“தெரியல மாமா.”

மூன்று நாளில் முதல் தடவையாக அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். உச்சிப்பொழுது. சூரியனுக்குக் கொஞ்சம் கிழக்கே, கண்ணுக்குத் தெரியாமல், ஜே 1947 ஏறிக்கொண்டிருந்தது. குழியோரம் புதுக் கம்பம் படுத்திருக்க, குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெண்களும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஒரு கை குறைந்தது. இலக்கியா முந்தானையைச் செருகிக்கொண்டு போன் பேச உள்ளே போன ஆஸ்பத்திரி ஆளுக்கு விட்டிருந்த இடத்தில் போய் நின்றாள்.

“ஏலேலோ!” என்றான் எழிலன்.

“ஐலசா!”

கயிறு உள்ளங்கையை அறுத்தது. கம்பத்தின் நுனி தரையை விட்டு ஒரு முழம் எழும்பி, ஆடி, நின்று, மறுபடி வானத்தைப் பார்த்து ஏறத் தொடங்கியது.