தேடாத மூன்று தளங்கள்

அண்ணா, நேற்று போனில் நீ கேட்டாய்: "ஒரு பேர்தானே, போட்டுட்டு வேலையக் காப்பாத்திக்கோயேன்." பின்னாலிருந்து அம்மாவும் "அதானே" என்றாள். அப்போது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது அறையில் யாரும் இல்லை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

மருத்துவப் பல்கலைக்கழக நூலகத்தில் நான் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன் என்றுதான் நம் வீட்டில் நினைக்கிறீர்கள். அது பாதி வேலை. ஒரு நோயைப் பற்றி உலகத்தில் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, சேர்த்துப் படித்து, டாக்டர்கள் ஒரு முடிவு சொல்வார்கள். சிஸ்டமாட்டிக் ரிவியூ என்று பெயர். அந்த ஆய்வுகளைத் தேடித் தருவது நான். கிடைத்தது கண்ணுக்குத் தெரியும், விட்டுப்போனது தெரியாது. அதனால் ஆய்வுக் கட்டுரைகள் சேர்ந்திருக்கும் இணையத்தளங்களில் எதெதில், என்ன சொற்களைப் போட்டு, என்றைக்குத் தேடினோம் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிட வேண்டும்.

டாக்டர் பூவராகவன் எடுத்துக்கொண்ட கேள்வி, இரும்பு உருக்கும் உலையின் வெப்பம் சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்பது. காலையில் என்னோடு பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி உலைகளுக்குத்தான் போகிறார்கள். மாநாட்டு அவசரத்தில் அவருடைய மாணவன் ஜோஷ்வா ஒரே ஒரு தளத்தில் தேடி முடித்திருந்தான். 'போதிய ஆதாரம் இல்லை' என்று முடிவும் எழுதியாகிவிட்டது. கட்டுரையில் 'நூலகர் நான்கு தளங்களில் தேடினார்' என்று ஒரு வரி, கீழே என் பெயர். என்னிடம் வந்தது கையெழுத்துக்கு மட்டும்.

தலைமை நூலகர் எட்வர்ட் சார் இந்தப் பக்கத்துக்காரர். "இன்னாத்துக்குமா பேஜாரு? உன்ன நிரந்தரம் பண்ற கமிட்டிக்கே டாக்டருதான் தலைவரு. போட்டுக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு" என்றார்.

"தேடாம தேடினேன்னு எப்படி சார் சொல்றது?"

"எல்லாரும் சொல்லிக்கினுதான் கீறாங்க. நீ இன்னா வானத்துலேர்ந்து வந்தியா?"

"தென்காசியிலேர்ந்து சார்."

சிரித்துவிட்டார். ஆனால் காகிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.

தேடல் சரிதானா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்கெனவே தெரிந்த சில ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, தேடல் அவற்றைப் பிடிக்கிறதா என்று பார்ப்போம். டாக்டரே தன் முன்னுரையில் குறிப்பிட்டிருந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு, ஜோஷ்வாவின் தேடலை அப்படியே மறுபடி ஓட்டினேன். பாதிக்கு மேல் வரவில்லை. வராததில் ஒன்று, டாக்டரே கும்மிடிப்பூண்டி தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு.

அவர் அறைக்குப் போகும்போது பாதி வழியில் திரும்பிக்கூட வந்தேன். பிறகு போனேன்.

"சார், இந்தத் தேடல்ல உங்க ஆய்வே மாட்டல."

டாக்டர் நிமிர்ந்தார். "என்னோடதா? டேய் ஜோஷ்வா!"

"நம்ப பேப்பர் வந்த ஜர்னல் அந்தத் தளத்துல இல்ல சார்" என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சரி, அத மட்டும் கையால சேத்துடு. முடிஞ்சுதா?"

"உங்களுது உங்களுக்குத் தெரியும், சேத்துக்கிறீங்க. ஒடிசாவுல யாரோ ஒருத்தர் செஞ்சத யார் சார் கையால சேக்கறது?"

"உன் பேர் பெரிய ஜர்னல்ல வருதும்மா. நீ எனக்கு நன்றி சொல்லணும்."

"என் பேர எடுத்துடுங்க சார்."

"எடுத்துட்டேன், போ."

அப்போதே வெளியே வந்திருக்கலாம். ஆனால் அந்த வரி கட்டுரையில் அப்படியே இருக்கும். அதை நம்பி ஏதாவது ஒரு கம்பெனி டாக்டர், 'உலைக்கும் கிட்னிக்கும் சம்பந்தமில்ல' என்று ஒருவரை மறுபடி உலைக்கே அனுப்புவார்.

"அந்த நாலு தளம்கற வரியும் போகணும் சார். ஒண்ணுலதான் தேடினோம்னு போடுங்க."

"அப்படிப் போட்டா எவன்மா எடுப்பான்?"

"அதனாலதான் தேடணும்கிறேன்."

"நான் இப்படியே அனுப்பினா?"

"ஜர்னலுக்கு நான் எழுதுவேன் சார்." சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஜோஷ்வா தலையில் கை வைத்துக்கொண்டான். "எக்கா, நாலுலயும் தேடினா ஆயிரக்கணக்குல வருமே. எல்லாத்தையும் நான்தானே படிக்கணும்?"

"நீ மட்டும் படிக்கக் கூடாது. ரெண்டு பேர் தனித்தனியா படிக்கணும்."

"அய்ய, இன்னொருத்தனையும் சேத்து சாவடிக்கிறியே!"

டாக்டர் சிரிக்கவில்லை. கட்டுரையை இழுப்பறையில் போட்டு மூடினார். "தேடு. மாநாடு போச்சு. உன் வேலை நிரந்தரமாகறதும் இது முடிஞ்சப்புறம்தான்."

அவ்வளவுதான் நடந்தது. 'நிரந்தரமாகலன்னா ஊருக்கு வந்துடு' என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. வரமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது, ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. இருந்தாலும் வரமாட்டேன்.

இன்றைக்கு இரண்டாவது தளத்தில் தேடினேன். ஜோஷ்வாவின் தேடலில் இல்லாதவை கொத்தாக வந்திருக்கின்றன. அவை என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியாது, படித்துத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் பழைய முடிவே வந்தாலும் வரட்டும், தேடிவிட்டு வரட்டும்.

இன்னொன்று. நீங்கள் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் எனக்கு நிரந்தர வேலை என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள். அதை முதலில் திருத்திச் சொல்லுங்கள்.