ஒன்பதாவது ஆட்டச் சுற்றும் இரண்டாம் அங்கமும்

டயர் கடையில் லீலண்ட் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மனைவி ஜோலீன்.

"ஹீரோயினா நடிக்கிற பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இன்னைக்கு மதியம் ஷோ நான்தான்."

"நெஜமாவா?"

"பயமா இருக்கு லீ. நீ வராத. நீ வந்தா உன் மூஞ்சியத்தான் பாப்பேன்."

வைத்துவிட்டாள். அவன் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

டொலிடோ நகர இசைநாடகக் குழு ஒன்றில் ஜோலீன் மூன்று வருடமாக மாற்று நடிகை. கதாநாயகியின் ஒவ்வொரு பாட்டும் வசனமும் மனப்பாடம். மேடையேறும் வாய்ப்பு மட்டும் வந்ததில்லை. லீலண்டும் அப்படித்தான். ஊர் பேஸ்பால் அணியில் அவன் மாற்று பிட்சர், பந்து எறிபவன். மற்றவன் களைத்தால் மட்டுமே பந்து இவன் கைக்கு வரும். "நாம ரெண்டு பேருமே பெஞ்சைத் தேய்க்கப் பொறந்தவங்க" என்று சொல்லிச் சிரித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

போன செப்டம்பரில் அவனுக்கு அழைப்பு வந்தது. இறுதி ஆட்டம், ஒன்பதாவது சுற்று, இரண்டு அணிகளும் சமநிலை, மூன்று தளங்களிலும் எதிரணி ஆட்கள். நான்கு பந்துகள். நான்கையும் இலக்குக்கு வெளியே அகலமாக எறிந்தான். நான்கு தவறினால் அடிப்பவனுக்கு முதல் தளம் இலவசம்; அவனுக்கு இடம்விட்டு ஒவ்வொருவராக நகர, மூன்றாம் தளத்தில் நின்றவன் நடந்தே வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தான். அதற்குப் பிறகு லீலண்ட் பந்தைத் தொடவில்லை. அந்த நான்கு பந்துகளுக்கு நடுவே மைதானத்தில் விழுந்த அமைதிதான் அவனை இன்னும் தூங்கவிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் தன்மேல் ஏறி நின்றதுபோல.

அரங்கில் கடைசி வரிசையில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதல் அங்கம் நல்லபடியாகவே போனது. படகுக்காரி ஒருத்தியின் கதை. இரண்டாம் அங்கத்தில் அவள் புருஷனை ஆறு கொண்டுபோய்விடும். வாத்தியங்கள் எல்லாம் நின்று, தனிக் குரலில் அவள் பாட வேண்டும்.

வாத்தியங்கள் நின்றன. ஜோலீன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அதே அமைதி. இசை நடத்துநரின் கை அந்தரத்தில் நின்றது. எழுந்து ஓடிவிடலாமா என்று லீலண்ட் நினைத்தான். பக்கத்து இருக்கையில் ஒரு பருத்த பெண்மணி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "பாடும்மா, பாடு" என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் உடம்பை முன்னால் சாய்த்து, தானே பாடப்போகிறவர்போல உதட்டைக் குவித்திருந்தார். யாரும் அவள் விழுவதற்குக் காத்திருக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: அன்று பந்தெறியும் மேட்டில் நின்று அவன் பார்க்காத முகங்கள் இவை. கூட்டம் அன்றும் இப்படித்தான் மூச்சைப் பிடித்திருக்குமோ?

குரல் வந்தது. முதலில் மெல்ல, பிறகு ஏறியது. உச்சத்தில் போய் உடைந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. உடைந்த இடத்திலிருந்தே மேலே போனாள்.

நாடகம் முடிந்து நடிகர்கள் வெளிவரும் சந்தில் அவளைப் பார்த்தான். முகச்சாயம் கழுத்தில் வழிந்திருந்தது. ஹாட் டாக்கை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"வராதன்னு சொன்னேன்ல?"

"தொப்பி போட்டிருந்தேன்."

"உடஞ்சது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பொய்யாவது சொல்லுடா, பாவி!" சிரித்தாள். உடனே கண் கலங்கியது. "மறுபடியும் ஏழு மணிக்கு நான்தான்."

"போகத்தான் போறியா?"

"பின்ன?" என்றாள் வாய் நிறைய.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். குரல் உடைந்த அந்த ஒற்றை வரியையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தாள். லீலண்ட் அசையாமல் பக்கத்தில் நின்றான். தொடையோரம் தொங்கிய அவன் வலது கையின் இரண்டு விரல்கள், இல்லாத ஒரு பந்தின் தையலைத் தடவித் தேடிக்கொண்டிருந்தன.