அளவெடுத்துச் செய்த துவக்கு

மாதா திருநாள் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுப் பெட்டிகள் கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஞானேந்திரன் அந்தக் குழுமாட்டைச் சுட்டார். அது முதல் தடவையல்ல. மொன்றியலுக்கு வந்த காலம் தொட்டு அந்தக் காட்டு மாட்டை அவர் எத்தனையோ தரம் சுட்டிருக்கிறார். ஆரம்பத்தில் அது பாவம், ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் சும்மா நின்றது. பிறகு பாயத் தொடங்கியது. இந்த வருசம், 2004இல், அவருடைய பெனியனைக் கொம்பால் கிழித்த பிறகுதான் விழுந்தது.

உண்மையில் ஞானேந்திரன் காடென்று கண்டது மடு மாதா கோயிலுக்குப் போகிற பஸ் யன்னலால் கண்டதுதான். ஊரில் அவர் சங்கக்கடை மனேச்சர். இங்கே டோர்வல் விமான நிலையத்தில் நிலம் துடைக்கத் தொடங்கி, இப்போது நிலம் துடைக்க ஆள் விடுகிற அளவுக்கு வந்துவிட்டார். ஆனாலும் சனம் அவருக்கு வைத்த பெயர் 'மொப் ஞானேந்திரன்' என்றே இருந்தது. கதையில் குழுமாடு விழத் தொடங்கிய பிறகுதான் அது 'வேட்டைக்கார அண்ணை' ஆனது. இந்தப் பெயர் போனால் அந்தப் பெயர்தான் திரும்ப வரும் என்பது அவருக்கு வடிவாகத் தெரியும். மனைவி அக்னெஸுக்குக்கூட அவர் உண்மையைச் சொன்னதில்லை. கலியாணத்துக்கு முந்தின கதைகளைக் கிண்டக்கூடாது என்று அந்த மனுசியும் விட்டுவிட்டாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வின்சன்ட் வாயைத் திறக்கும் வரை.

வின்சன்ட் ரொறன்ரோவிலிருந்து புரோசார்ட் பக்கம் புதிதாகக் குடிவந்த மன்னார்க்காரர். ஆறடிக்கு மேலே உயரம், பேச்சோ குறைவு. மன்னார்க் காட்டில் கரடியோடு கட்டிப் புரண்டவர் என்று கதை. யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

"அண்ணை, அப்ப இந்த ஒக்ரோபர் என்னோட வாங்கோவன்," என்றார் வின்சன்ட். "என்ர வேலையிடத்துப் பிரெஞ்சுக்காரன் வடக்கை மூஸ் வேட்டைக்குப் போறவன். எங்கட எருமையைவிடப் பெரிய மிருகம். உங்களுக்குத் தோதான ஆள்."

மண்டபம் கைதட்டியது. ஞானேந்திரன் கையில் எடுத்த இறைச்சித்துண்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"வரலாம்தான்," என்று இழுத்தார். "ஆனா கண்ட கண்ட துவக்குக்கு என்ர கை பழக்கமில்லை. நான் அங்கை பாவிச்சது ரெட்டைக்குழல். முதல் வெடி பிழைச்சால், மாடு மேலை வாறதுக்குள்ளை அடுத்த வெடி. அதுவும் என்ர உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது."

"அப்ப ஒண்டு செய்விக்க வேண்டியதுதானே!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். அக்னெஸின் தமக்கை யோசெப்பினைத் தவிர வேறு யாராக இருக்கும்?

ஞானேந்திரன் அன்றிரவு நல்லாக நித்திரை கொண்டார். ஏனென்றால் வரும் வழியில் மகள் ஜெயனியைக் கொண்டு விசாரித்திருந்தார். கையால் செய்கிற ரெட்டைக்குழல் முடிய வருசக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் வின்சன்ட் திரும்ப ரொறன்ரோவுக்குப் போகலாம். மூஸ் இனமே அழிந்துபோகலாம். கடவுள் பெரியவர்.

செய்தி பரவியதும் சனம் இரண்டு பக்கமானது. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இஞ்சை காசு குடுத்துத் துவக்கு செய்விக்குதாம்," என்று ஒரு பக்கம். "அந்தாளின்ர உடம்புக்கு உடுப்பே அளவில்லை, துவக்குக்கு அளவோ," என்று மற்றப் பக்கம். அனுமதிப் பத்திரத்துக்கான வகுப்புக்கு ஞானேந்திரன் ஒழுங்காகப் போனார், சித்தியும் அடைந்தார். அங்கே கொடுத்ததெல்லாம் வெடிக்காத பொம்மை ரவை என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், கால்வாய்க் கரையோரம், ஒரு பெல்ஜியக் கிழவர் துவக்குப் பட்டறை வைத்திருந்தார். மொசியே லம்பேர் என்று பெயர். அளவெடுக்கிற நாளுக்குத் தனியாகப் போய்வரத்தான் ஞானேந்திரன் நினைத்தார். அக்னெஸ் விடுவாளா?

"இவ்வளவு பெரிய சாமானுக்கு ஓடர் குடுக்கிறியள், ஆரும் வராமலோ? சொந்தக்காரர் என்ன நினைப்பினம்?"

கூறைச்சேலை எடுக்கப் போகிற மாதிரி இரண்டு வான் நிறையச் சனம் போய் இறங்கியது. தின்ன றோல்ஸும் பற்றிஸும் பெட்டியோடு வந்தன. ஞானேந்திரன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, படம் பிடிக்க நிற்பவர் மாதிரி நடுவில் நின்றார்.

கிழவர் ஒரு விசித்திரமான துவக்கைக் கொண்டுவந்தார். தோளில் அணைக்கிற மரச் சோங்கு, மூட்டு மூட்டாக மடங்கி, திருகத் திருக நீண்டு குறுகியது. அதை ஞானேந்திரனின் தோளில் வைத்து, கை எட்டுகிறதா, கன்னம் படிகிறதா, கண் குறிக்கு நேரே வருகிறதா என்று தையற்காரன்போலத் தட்டித் தடவிப் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டினார். அளவு சரி.

"கொஞ்சம் நீளமா விடச்சொல்லு பிள்ளை," என்றாள் அக்னெஸ்.

ஜெயனி திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இது யூனிபோம் இல்லை."

"எல்லாம் ஒண்டுதான். இப்பிடிச் சாமான் ஒருக்காத்தான் செய்விக்கலாம். நாளைக்கு வாற மருமகன் உயரமா இருந்தால் என்ன செய்யிறது? நீளமெண்டால் பேந்து வெட்டலாம், கட்டையெண்டால் ஒட்டேலுமோ?"

"அக்னெஸ் சொல்லுறது ஞாயம்," என்றாள் யோசெப்பின். "எங்கட பிள்ளையளுக்குச் சப்பாத்து வாங்கினது ஒரு அளவு கூட்டித்தானே. பஞ்சு வைச்சுப் போட்டவங்கள்தான் இண்டைக்கு இஞ்சினியர்."

அதன்பிறகு துவக்கு வான் சனம் முழுக்கச் சுற்றிவந்தது. ஒருவர் தோளில் வைத்து இன்னும் ஒரு திருகு என்றார். இன்னொருவர் குளிர் ஜக்கெற்றுக்கு மேலே பிடிக்கிறதென்று இன்னும் இரண்டு திருகினார். கிழவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"அப்பா, துவக்கு ஆருக்கெண்டு கேக்கிறார்."

"எங்களுக்கு எண்டு சொல்லு," என்றாள் அக்னெஸ், ஒரு பற்றிஸைக் கிழவரின் கையில் வைத்தபடி.

ஞானேந்திரனும் ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தார். எவ்வளவுக்கு இழுபடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று இருந்தார்.

இரண்டு இலையுதிர் காலங்கள் அப்படியே தப்பின. "துவக்கு வந்திட்டுதோ அண்ணை?" என்று வின்சன்ட் பூசைக்குப் பூசை கேட்பார். "மரம் காயுதாம்," என்பார் இவர். குழலைச் சுட்டுப் பார்க்க வரச்சொல்லிக் கிழவர் கூப்பிட்டபோது தோள் உளுக்கியது. இன்னொரு முறை கூப்பிட்டபோது மற்றத் தோள் உளுக்கியது. விலையை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் துவக்கால் விழுகிற முதல் மிருகம் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

2006 செப்டெம்பரில் கடவுள் கைவிட்டார். துவக்கு வந்துவிட்டது.

புதுச் சாமான் எது வந்தாலும் சுவாமியாரைக் கொண்டு மந்திரிக்காமல் அக்னெஸ் தொடமாட்டாள். காரை மந்திரித்தாயிற்று, குளிர்ப்பெட்டியை மந்திரித்தாயிற்று. இப்போது வீட்டு நிலவறையில் சனம் கூடி நிற்க, சுவாமியார் புத்தகத்தைப் புரட்டினார். துவக்குக்குச் செபம் இல்லை. கடைசியில் வள்ளத்தையும் வலையையும் மந்திரிக்கிற செபத்தைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். "நிறைய மீன் படட்டும்," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ அண்ணை!"

ஞானேந்திரன் தூக்கினார். சோங்கு அவருடைய கமக்கட்டில் போய்ச் சிக்கியது. இழுத்து எடுத்துத் தோளில் வைத்தால் கை விசைக்கு எட்டவில்லை. கழுத்தைக் கொக்குமாதிரி நீட்டியும் கண் குறிக்குப் போகவில்லை. அவருடைய மனதுக்குள் மாதா கோயில் மணி அத்தனையும் அடித்தது. பொருந்தாத துவக்கால் யார் வேட்டைக்குப் போவார்?

"சரிவரேல்லை," என்றார், கவலையை முகத்தில் வரவழைத்து. "நான் அண்டைக்கே யோசிச்சனான். இவையின்ர கதையைக் கேட்டு..."

"ஓ, இப்ப எங்களிலை பிழையோ?" என்று யோசெப்பின் சீறினாள். "அங்கை நிக்கிற உயரமான மனுசனிட்டக் குடுத்துப் பாருங்கோ, துவக்கு பிழையோ ஆள் பிழையோ எண்டு தெரியும்."

துவக்கு வின்சன்ட்டின் கைக்குப் போனது. தோளில் பதிந்து, கன்னத்தில் படிந்து, பிறந்தபோதே கூடப் பிறந்ததுபோல் நின்றது.

"அப்ப என்ன," என்றார் ஞானேந்திரன், துள்ளாத குறையாக. "வின்சன்ட் லைசென்ஸை எடுக்கட்டும். என்ர துவக்கு, அவரின்ர கை. நான் பக்கத்திலை நிண்டு சொல்லிக் குடுக்கிறன்."

சனம் ஆர்ப்பரித்தது. வின்சன்ட்டின் நெற்றியில்தான் வேர்வை பூத்தது. துவக்கைப் பெட்டியில் வைத்துவிட்டு, "அண்ணை, ஒரு நிமிசம்," என்று ஞானேந்திரனைப் படியேறிப் பின் பல்கனிக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார்.

"ஒண்டு கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லமாட்டியளே?"

"சொல்லும்."

"இதிலை ரவை எந்தப் பக்கத்தாலை போடுறது?"

ஞானேந்திரன் அவரை அண்ணாந்து பார்த்தார். "என்ன காணும், நீர் கரடியோட கட்டிப் புரண்டனீரெல்லே?"

"கரடி கண்டது இஞ்சை மிருகக்காட்சிச்சாலையிலை. அதுவும் நித்திரை. மன்னாரிலை எங்கட அப்பா புடவைக்கடை, அண்ணை. வந்த புதுசிலை ஆரோ கேட்டினம், நானும் ஓமெண்டு போட்டன். மிச்சத்தை என்ர உயரத்தைப் பாத்துச் சனமே கட்டிச்சுது."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனீர்?"

"நீங்கள் சுடுவியள், நான் செத்த மூஸில காலை வைச்சு ஒரு படம் எடுப்பன் எண்டுதான்."

ஞானேந்திரனுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. உள்ளே போய் இதைச் சொன்னால் ஊருக்கு ஒரே ஒரு வேட்டைக்காரன் அவர்தான். ஆனால் அடுத்த கணமே யோசெப்பினின் முகம் தெரிந்தது. ஒரு வேட்டைக்காரனைக் கவிழ்த்தால் மற்ற வேட்டைக்காரன் சுட்டுக் காட்ட வேண்டும். அவர் வின்சன்ட்டின் தோளைத் தட்ட எட்டிப் பார்த்து, எட்டாமல், முழங்கையைத் தட்டினார்.

கீழே இறங்கி வந்ததும் யோசெப்பின் வழிமறித்தாள். "என்ன முடிவு?"

"அண்ணையில்லாமல் நான் காட்டுக்குள்ளை கால் வைக்கமாட்டன்," என்றார் வின்சன்ட். "அவருக்குப் பொருந்தாத துவக்கைத் தொடுறதும் மரியாதையில்லை."

"அவருக்கு இப்பிடிப் பொருந்தின துவக்கை வெட்டிக் குறைக்க எனக்கும் மனம் வரேல்லை," என்றார் ஞானேந்திரன்.

சுவாமியாரே கண் கலங்கினார். யோசெப்பின் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டுப்பட்டது.

டிசெம்பர் நத்தார் விருந்துக்குள் காட்டில் ஒரு புது மிருகம் வந்துவிட்டது. யானை. தனியன், மதம் பிடித்தது. அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் தெரியாமலே இரண்டு பேரும் ஒரே காட்டில் நின்றிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரியவந்ததாம்.

"முதல் வெடி அண்ணை," என்றார் வின்சன்ட்.

"ரெண்டாவது இவர். இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை," என்றார் ஞானேந்திரன்.

சுற்றியிருந்தவர்கள் வாயில் வைத்த கேக்கை மறந்தார்கள். யோசெப்பின் கதிரையை இழுத்துப்போட்டு எதிரே இருந்தாள்.

"யானை எந்தப் பக்கம் விழுந்தது?"

"ஆத்துப்பக்கம்," என்றார் ஞானேந்திரன்.

"றோட்டுப்பக்கம்," என்றார் அதே நேரத்தில் வின்சன்ட்.

யோசெப்பின் மெல்லச் சிரித்தாள். ஞானேந்திரன் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவு நேரம்தான்.

"ரெண்டு யானை, அக்கா."