மில்ட்ரெட் அம்மாளின் அடுப்பும் ஒரு செம்புத் தண்ணீரும்

தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்க நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பது உலக வழக்கம். கல்யாணசுந்தரம் ஒரு செம்பையே கவிழ்த்தார். அதுவும் தோசைக்கல்லில் இல்லை. டொரான்டோவில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மில்ட்ரெட் அம்மாளின் தாத்தா காலத்து வார்ப்பிரும்பு விறகடுப்பின் மேல், அது தகதகவென்று காய்ந்துகொண்டிருந்தபோது. இரண்டு மாதம் துருவைச் சுரண்டி அவரே சீராக்கிய அடுப்பு, 'டணார்' என்று விரிசல் விட்டது.

மில்ட்ரெட் அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். எழுபத்து மூன்றாம் வருஷ ஜனவரிப் பனியில் மூட்டை கட்ட வேண்டுமோ என்று கல்யாணசுந்தரம் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்ட்ரஸ்டிங்னா என்னங்க அர்த்தம்?" என்றாள் மனைவி வேதவல்லி.

"பொண்ணு பார்த்துட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்'பாங்களே, அதான்."

விரிசலில் அடுப்புச் சிமெண்டை அப்பி, கறுப்புப் பாலீஷ் தேய்த்து, மூன்றாம் நாள் நேராகவே கேட்டுவிட்டார்: "அம்மா, நாங்க வீட்டைக் காலி பண்ணணுமா?"

"வேண்டாம். உன் பெண்டாட்டி தாராளமா சமைக்கட்டும். நீ மட்டும் சமையலறைக்குள்ளே காலை வைக்காதே!"