சீவரத்தினத்தார் எஞ்சின் கொடுத்த பண்டிகை

ஒரு மனிதன் தனக்கு மிக அருமையானதை ஆண்டவருக்கென்று எடுத்துக் கொடுக்கும்போது வானமும் பூமியும் ஒரு கணம் அசையாமல் நிற்கும். வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிறிய தேவாலயம் ஒன்றின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஹரோல்ட் சீவரத்தினத்தார் தமது பித்தளை எஞ்சினைக் கொடுத்தபோது அசையாமல் நின்றவர் போதகர் மட்டும்தான். சனம் பூசணிக்காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு முழ நீள விளையாட்டு ரயில் எஞ்சின். சீமைக்குப் போகிற துரை ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு சீவரத்தினத்தாரின் தகப்பன் மலாயாவில் வாங்கி அனுப்பியது. அப்போதே அது பழசு. சின்ன வயதில் அதைக் கட்டிப்பிடித்துப் படுத்தவர், பிறகு தாமும் மலாயாவுக்குப் போய், ரயில்வேக் கந்தோரில் குந்தியிருந்து எழுதிவிட்டுப் பென்சனோடு திரும்பினார். ஓடுகிற எஞ்சின் எதிலும் அவர் கால் வைத்ததில்லை. ஆனாலும் விறாந்தையில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த எஞ்சினைக் காட்டி, நாங்கள் ரயில்வேக்காரர் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

அந்த வருடம் சபையில் ஒரு மூப்பர் பதவி காலியாக இருந்தது. பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, தமக்கு அருமையானதைக் கொடுக்க இங்கே ஒருவருமில்லையா என்று போதகர் பிரசங்கத்தில் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியல்ல. சீவரத்தினத்தார் எழும்பிப் பதில் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வருவதற்குள் ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. ஆனால் ஒரு கந்தோரையே கட்டி ஆண்ட மனிதர் (அவர் சொன்னபடி) இதற்குக் கலங்குவாரா? கொடுத்தவனே தன் பொருளை ஏலத்தில் கேட்பது அந்தச் சபையில் வெட்கக்கேடு. மைத்துனன் கேட்கத் தடையில்லை. மனைவியின் தம்பி ஏர்னெஸ்டைக் கூப்பிட்டுக் காசைக் கையில் வைத்து, எவ்வளவு போனாலும் எடுத்துப் பொழுதுபட ஒருவரும் காணாமல் ஒழுங்கையால் கொண்டுவரச் சொன்னார்.

"அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றான் ஏர்னெஸ்ட்.

மனைவி பியாட்றிஸ், "உவனையோ பிடிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. ஏர்னெஸ்ட் கேட்டான், யாரோ ஏற்றினார், அவன் இன்னும் ஏற்றி எடுத்தான். எஞ்சினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபோது சனம் கைதட்டியது. முன்வரிசையில், ஏர்னெஸ்ட் ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருக்கும் அற்புதராணி ரீச்சரும் தட்டினார். ஏர்னெஸ்டுக்கு அதற்கு முன் ஒருவரும் கைதட்டியதில்லை.

அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சபைக்கே திருப்பிக் கொடுக்கலாம். மறுபடியும் ஏலம் விடுவார்கள். பெரிய மனுசர் செய்கிற வேலை.

"ஆண்டவருக்கே திருப்பித் தாறன்," என்றான் ஏர்னெஸ்ட். "இன்னொருக்கால் ஏலம் கூறுங்கோ."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சீவரத்தினத்தாரும் தட்டினார், தட்டாமல் இருக்க முடியாது. தட்டிக்கொண்டே பெண்கள் பக்கம் திரும்பி, நீயாவது கேள் என்று பியாட்றிஸுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அந்த எஞ்சினைப் புளி போட்டு மினுக்கினவள் அவள்.

இரண்டாம் முறை எஞ்சினை எடுத்தவர், வாழைக்குலை வாங்க வந்த உரும்பிராய்ப் புகையிலை வியாபாரி ஆழ்வாப்பிள்ளை. நெற்றி நிறைய விபூதி; சபையின் வழக்கம் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் எடுத்துச் சொல்லியும் பார்த்தார்கள். "எடுத்ததை ஏன் குடுப்பான்?" என்றார் அவர்.

சீவரத்தினத்தார் தியாகத்தைப் பற்றிச் சிற்றுரை ஆற்றினார். நன்றாகவே இருந்தது. மூப்பர் பதவியும் அங்கேயே உறுதியாயிற்று.

ஆழ்வாப்பிள்ளையின் மாட்டுவண்டி புறப்பட்டது. வாழைக்குலைகளுக்கு மேலே எஞ்சின். பின்னால், கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் புது மூப்பர், காற்று வாங்குகிறவர்போல நடந்துவந்தார். வண்டி மானிப்பாய் றோட்டில் ஏறியும் அவர் திரும்பவில்லை. ஆழ்வாப்பிள்ளை மாட்டை நிறுத்தினார்.

"ஐயா எவ்விடம் மட்டும்?"

"சும்மா, உந்தப் பக்கம்தான்."

"அப்ப ஏறுங்கோவன்."

ஏறினார். எஞ்சின் குலுங்கி விழுந்தாலும் விழும் என்று விளக்கம் சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துச் சில்லுகளைத் துடைத்தார். கொஞ்சத் தூரம் போனபின் ஆழ்வாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "உந்தக் கோச்சி கூவுமோ?" என்று கேட்டார்.

அது கூவாது. சீவரத்தினத்தார் வாயால் கூவிக் காட்டினார்.