பொத்தான் உறையில் இருந்த பெயர்

அன்று காலை தையல்கூடத்தில் யாரும் தைக்கவில்லை. நாற்பது பெண்களும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக் கழுத்தில் இருந்த லேபிளைப் பிரித்து, பக்கத்து நாட்டின் பெயர் போட்ட லேபிளை அங்கே வைத்துத் தைக்க வேண்டும். சட்டை வாங்கும் தேசம், இங்கிருந்து போகும் துணிக்கு வரியை ஒரேயடியாக ஏற்றிவிட்டது. பக்கத்து நாட்டுத் துணிக்கு ஏற்றவில்லை. பெயர் மாறினால் சரக்கு போகும், இல்லாவிட்டால் கூடத்துக்குப் பூட்டுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மேற்பார்வை பார்ப்பவளுக்குக் 'கண்ணாடி அக்கா' என்று பெயர். ஒரு பிசிறு அவள் கண்ணுக்குத் தப்பாது. இது திருட்டுத்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது இயந்திரத்தில் அவள் தங்கை இருந்தாள். தங்கை புருஷனுக்கு வேலை போய் ஐந்து மாதம். இந்த ஒரு இயந்திரத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

"பெத்தது நாம, இனிஷியல் மட்டும் பக்கத்து வீட்டுக்காரனோடதாக்கா?" என்றாள் தங்கை. கூடமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சரக்கு பக்கத்து நாட்டில் தைத்ததுதான் என்ற சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் வாரம் சட்டை வாங்கும் தேசத்தின் துறைமுகத்தில் சரக்கை மடக்கிவிட்டார்கள். சட்டையின் உள்தையலில், கூடுதல் பொத்தான் வைத்த குட்டி உறையில், சட்டையை நிஜமாகத் தைத்த நாட்டின் பெயர் பொடி எழுத்தில் அப்படியே இருந்தது. அந்த உறையை அக்கா ஒருநாளும் படித்ததில்லை. பொத்தான் உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதோடு சரி.

விசாரணைக்கு வந்தவர்களிடம் முதலாளி அந்தத் தாளை நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பாத்தது இவங்க, கையெழுத்தும் இவங்களோடது."

அவர் மேல் வழக்கு வரவில்லை. பக்கத்து நாட்டில் நிஜமாகவே ஒரு கூடம் பிடித்துவிட்டார். வேலையும் போய் வழக்கும் வந்து சேர்ந்தது அக்காவுக்கு. இயந்திரங்கள் லாரியில் ஏறியபோது அக்காவும் தங்கையும் வாசலில் நின்றார்கள். தங்கையின் இயந்திரமும் ஏறியது.

"எல்லாம் அந்த தேசத்துக்காரன் பண்ணினது" என்றாள் தங்கை.

"போன வருஷம் வெளிநாட்டுத் துணிக்கு நம்மாளுங்க வரி போட்டப்ப, நீயும் நானும்தாண்டி கை தட்டினோம். அங்க எவளோ ஒருத்தி இதே மாதிரி வாசல்ல நின்னிருப்பா, நமக்கு உறைக்கல. ஆளாளுக்கு வேலி போட்டா முள்ளு குத்துறது நம்மள மாதிரி ஆளுங்களத்தான். அதுல பொய்க்குக் கையெழுத்து வேற போட்டா, முள்ள நாமளே எடுத்துக் குத்திக்கிட்ட மாதிரி."